இருபது போத்தல் தேறினால் பத்தாயிரமும் சுத்தமா?

கண்புரை சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவருக்குச் சில கிழமைகளுக்குப் பிரெட்னிசொலோன் துளி மருந்து எழுதிக் கொடுப்பார்கள். வெட்டிய கண்ணின் அழற்சியை அடக்கும் ஸ்டீரொயிட் அது. 2023 ஏப்ரலில் அந்தத் துளி மருந்தே இலங்கையில் சந்தேகத்துக்குள்ளானது. சத்திரசிகிச்சை செய்துகொண்ட நோயாளர் பலருக்குக் கண்ணில் தொற்று ஏற்பட்டது. இந்தியாவில் இருந்து வந்த அந்த மருந்தைப் பாவனையில் இருந்து நீக்கினார்கள். கொழும்பில் அப்போது பலரும் கேட்டது இதைத்தான்: "சோதிச்சுப் பார்க்காமலோ ஆஸ்பத்திரிக்குக் குடுத்தவை?"

கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. ஆய்வுகூடத்தில் சோதித்துத் தேறிவிட்டால் போத்தலுக்குள் கிருமி இல்லை என்ற நம்பிக்கை. மருந்துத் தரத்தில் வேலை செய்கிறவர்கள் எவரும் அதை நம்புவதில்லை. ஏன் என்று விளங்கினால்தான் தொற்று எங்கிருந்து வருகிறது, யாரிடம் எதைக் கேட்கவேண்டும் என்பதும் விளங்கும்.

ஒரே தடவையில் தயாரித்த ஒரு தொகுதியில் 10,000 போத்தல் இருக்கிறது என்று வையுங்கள். ஊசி மருந்தாக இருந்தால் கிருமியின்மைப் பரிசோதனைக்கு அதிலிருந்து 20 போத்தல் எடுப்பார்கள். கண் துளி மருந்தாக இருந்தால் 10 போதும். பிரித்தானிய, ஐரோப்பிய, அமெரிக்க மருந்து நியம நூல்கள் பெரிய தொகுதிகளுக்கு விதித்திருக்கும் எண்ணிக்கை இவ்வளவுதான். போத்தலில் உள்ள மருந்தை 0.45 மைக்ரோன் துளையுள்ள மென்சவ்வால் வடித்து, அந்தச் சவ்வை இரண்டு வகை வளர்ப்பூடகத்தில் இட்டு, ஒன்றை 30 முதல் 35 பாகை செல்சியஸிலும் மற்றதை 20 முதல் 25 பாகையிலும் 14 நாள் வைத்திருப்பார்கள். ஊடகம் கலங்காவிட்டால் தொகுதி தேறியது.

இப்போது அந்த 10,000 போத்தலில் 100 போத்தலுக்குள் கிருமி இருக்கிறது, அதாவது நூற்றுக்கு ஒன்று மாசுபட்டிருக்கிறது என்று வையுங்கள். எடுத்த 20 போத்தலும் சுத்தமானவையாக அமைவதற்கான வாய்ப்பு 0.99 ஐ 20 தடவை பெருக்கினால் வரும் எண். அது ஏறக்குறைய 0.82. நூற்றுக்கு 82 தடவை அந்தத் தொகுதி தேறிவிடும். 10 போத்தல் மட்டும் எடுக்கும் கண் மருந்தில் நூற்றுக்கு 90 தடவை தேறிவிடும். 500 போத்தல் கெட்டிருந்தால்கூட 20 போத்தல் சோதனை மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட தடவைகளில் ஒன்றையும் காட்டாது. ஆய்வுகூடத்தில் யாரும் கவனக்குறைவாக இல்லாதபோதும் இதுதான் நிலை. கணக்கு அப்படி.

ஊசியாக ஏற்றும் மருந்திடம் உலகம் கேட்கும் தரம் 10 இலட்சத்தில் ஒரு போத்தலுக்கு மேல் மாசு இருக்கலாகாது என்பது. எந்த மாதிரிச் சோதனையாலும் அதை நிரூபிக்க முடியாது. மருந்து செய்த முறை மட்டுமே அதற்குச் சாட்சி: எத்தனை பாகையில், எத்தனை நிமிடம், எந்த இடத்தில் இருந்த போத்தல், அந்த நேரத்தில் பதிவுக் கருவி என்ன காட்டியது என்பவை.

அடித்தட்டுப் போத்தல்கள்

இதை மருந்துத் துறைக்கு இரத்தத்தால் எழுதிக் காட்டிய சம்பவம் ஒன்று உண்டு. 1972 மார்ச்சில் இங்கிலாந்தின் பிளிமத் நகரில், டெவன்போர்ட் வைத்தியசாலைப் பகுதியில், 5 வீத டெக்ஸ்ட்ரோஸ் (சீனிக்) கரைசல் ஏற்றப்பட்ட நோயாளர்களுக்குத் திடீரெனக் காய்ச்சலும் நடுக்கமும் அதிர்ச்சி நிலையும் வந்தன. 5 பேர் இறந்தார்கள். அந்தப் போத்தல்கள் ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு முன், 1971 ஏப்ரலில் தயாரானவை. அவற்றின் மாதிரிகள் கிருமியின்மைப் பரிசோதனையில் தேறியிருந்தன.

நடந்தது இதுதான். நிரப்பிய போத்தல்களை, அமுக்கத்தில் உள்ள நீராவியால் கிருமியைக் கொல்லும் ஒட்டோக்ளேவுக்குள் தட்டுத்தட்டாக அடுக்கி ஆவியை விட்டார்கள். உள்ளே இருந்த காற்று முழுவதும் வெளியேறவில்லை. காற்று நீராவியைவிடப் பாரமானது. அது அடியில் தங்கிவிட்டது. மேல்தட்டுகள் வேண்டிய வெப்பத்தை அடைந்தன. அடித்தட்டுகள் அடையவில்லை. அடியில் இருந்த வடிகுழாயின் வெப்பமானிப் பதிவு ஏறாமலே நின்றது. அந்தக் கருவி அடிக்கடி பழுதாகும் என்பதால், இன்றைக்கும் பழுதென்று நினைத்து, மற்ற மானிகளை நம்பி வேலையை முடித்தார்கள். சரியாகச் சொன்ன ஒரே கருவியைத்தான் ஒதுக்கியிருந்தார்கள்.

பிறஷர் குக்கரில் சோறு வைக்கிற எவருக்கும் இதன் பௌதிகம் தெரியும். ஆவி நன்றாகச் சீறி வரத் தொடங்கிய பிறகுதான் வெயிட்டைப் போடவேண்டும். அதற்கு முன் போட்டால் உள்ளே காற்று சிறைப்படும். சுத்த நீராவி, வளிமண்டலத்தின் ஏறக்குறைய இரண்டு மடங்கு அமுக்கத்தில் 121 பாகை செல்சியஸில் இருக்கும். அதே அமுக்கத்தில் பாதி காற்று, பாதி ஆவி என்றால் வெப்பம் 100 பாகையைத்தான் எட்டும். அமுக்கமானி இரண்டு நிலையிலும் ஒரே எண்ணைக் காட்டும். 100 பாகை சோற்றுக்குப் போதும். வித்தியாக உறங்கும் பற்றீரியாவுக்குப் போதாது.

121 பாகையில் 15 நிமிடம் என்பது சும்மா வந்த எண்ணில்லை. ஒட்டோக்ளேவைச் சோதிக்கப் பயன்படும் ஜியோபசிலஸ் வித்திகள் வெப்பத்தைத் தாங்குவதில் பேர்போனவை. அந்த வெப்பத்தில் ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு சாகும். 15 நிமிடத்தில் அந்தப் பத்தில் ஒன்று திரும்பத் திரும்பப் பத்தில் ஒன்றாகி, கோடியில் ஒன்றுக்கும் கீழே போகும். தொடக்கத்தில் மருந்தில் கிருமி மிகக் குறைவாக இருந்தால்தான் இந்தக் கணக்கு கைகொடுக்கும். அழுக்குத் தண்ணீரில் மருந்து கலக்கிவிட்டு ஒட்டோக்ளேவ் பார்த்துக்கொள்ளும் என்று விட முடியாது.

வெப்பம் தாங்காத மருந்துகள் பல. இன்சுலின், தடுப்பூசி, கண் மருந்துகள் சில. இவற்றை 0.22 மைக்ரோன் வடியினூடாகச் செலுத்தி, ஏற்கெனவே கிருமியழித்த போத்தலில் கிருமியற்ற அறையில் நிரப்புவார்கள். நிரப்பிய பிறகு எந்த வெப்பமும் காப்பாற்ற வராது. அந்த அறையின் மிகப் பெரிய மாசு மனிதன். அசையும்போதெல்லாம் தோலில் இருந்து செதில்கள் உதிரும், அவற்றோடு பற்றீரியாவும். வேலையாட்களையும் இயந்திரத்தையும் சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. மருந்துக்குப் பதிலாகக் கிருமி விரும்பி வளரும் ஊடகத்தை, அதே ஆட்கள், அதே வேகத்தில், ஆயிரக்கணக்கான போத்தலில் நிரப்புவார்கள். பிறகு எல்லாவற்றையும் 14 நாள் வைத்துப் பார்ப்பார்கள். ஒன்றிலும் வளரலாகாது என்பது இலக்கு. ஒரு தொழிற்சாலையைப் பற்றி ஒரே ஒரு ஆவணம்தான் கேட்கலாம் என்றால் இந்த நிரப்பல் சோதனையின் முடிவுகளைக் கேட்பது நல்லது. 20 போத்தல் சான்றிதழைவிட அது நூறு மடங்கு பேசும்.

2012 இல் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு மருந்துக் கலவை நிலையம் முதுகுத்தண்டில் போடும் மீத்தைல்பிரெட்னிசொலோன் ஊசியைத் தயாரித்து அனுப்பியது. கிருமி வளராமல் தடுக்கும் பாதுகாப்பு இரசாயனம் சேர்க்காத மருந்து. போதிய நேரம் ஒட்டோக்ளேவ் செய்யப்படாதது. அதற்குள் எக்செரோஹிலம் என்ற பங்கசு வளர்ந்திருந்தது. சாதாரணமாகப் புல்லிலும் மண்ணிலும் வாழும் பங்கசு அது. 20 மாநிலங்களில் 753 பேருக்குத் தொற்று, 64 பேர் மரணம். சில குப்பிகளுக்குள் கண்ணால் பார்க்கக்கூடிய கறுப்புத் துகள்கள் மிதந்தன.

தண்ணீர், செத்த பிறகும்

மருந்தின் மூலப்பொருட்களில் கிருமி அதிகம் நேசிப்பது தண்ணீரை. வடித்த தண்ணீரில் தின்ன என்ன இருக்கிறது என்று தோன்றும். புர்க்கோல்டேரியா செபேசியா என்ற பற்றீரியா வடித்த நீரிலும் பெருகும். சில கிருமிநாசினித் திரவங்களிலும் உயிர் பிழைக்கும். 2016 இல் அமெரிக்காவில், மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் டொக்கியூசேட் திரவ மருந்தில் இது புகுந்து, பல மாநிலங்களில் கடும் நோயாளர்களுக்குத் தொற்றைக் கொடுத்தது. மருந்து செய்யத் தண்ணீர் கொடுத்த குழாய் அமைப்பிலேயே கிருமி இருந்தது.

தண்ணீர்க் குழாயில் எங்கே பிழைக்கும் என்று கேட்டால், அனுபவமுள்ள பொறியியலாளர் முதலில் காட்டுவது ஓட்டமில்லாத கிளைக் குழாயை. பழைய இயந்திரத்தைக் கழற்றிவிட்டு அடைத்து வைத்த ஒரு சாண் நீளக் குழாய். தண்ணீர் அங்கே தேங்கும். குழாயின் உட்சுவரில் வழுவழுப்பான படலம் படியும். அந்தப் படலத்துக்குள் இருக்கும் பற்றீரியாவைக் குளோரினும் எளிதில் தொடாது. படலத்தில் இருந்து துண்டுகள் அவ்வப்போது பிய்ந்து ஓடும். திங்கட்கிழமை எடுத்த மாதிரி சுத்தமாக இருக்கும், புதன்கிழமைத் தண்ணீர் கெட்டிருக்கும். இதனால்தான் ஊசிக்கான நீரை 70, 80 பாகைச் சூட்டில் ஓயாமல் சுற்றவிடுகிறார்கள். அந்த நீருக்கு விதித்த எல்லை 100 மில்லிலீற்றரில் 10 பற்றீரியா. குடிக்கும் மருந்துக்குப் பயன்படும் சுத்திகரித்த நீரில் ஒரு மில்லிலீற்றரிலேயே 100 வரை இருக்கலாம். இந்த வித்தியாசம் ஆயிரம் மடங்கு.

பற்றீரியாவைக் கொன்றுவிட்டால் முடிந்ததா? முடியவில்லை. கிராம்-எதிர் வகைப் பற்றீரியாவின் சுவரில் உள்ள என்டொடொக்சின் என்ற நச்சு, ஒட்டோக்ளேவில் அழியாது. கண்ணாடிப் போத்தலை 250 பாகை உலர்வெப்பத்தில் 30 நிமிடம் வைத்தால்தான் அது போகும். கரைசலை அப்படிச் சூடாக்க முடியாது. ஒரு கிலோ உடல் எடைக்கு மணிக்கு 5 அலகுக்கு மேல் இரத்தத்தில் ஏறினால் காய்ச்சலும் குளிரும் வரும். அதாவது முற்றிலும் கிருமியற்ற சேலைனும் நோயாளியை நடுங்க வைக்கலாம்.

இதே பற்றீரியாவை நாம் நாளாந்தம் சாப்பாட்டோடு விழுங்குகிறோம். வயிற்றின் அமிலமும் குடலின் சுவரும் காவல் நிற்கின்றன. நரம்பில் போகும் ஊசிக்கு அந்தக் காவல் எதுவும் இல்லை. முதுகுத்தண்டுத் திரவத்தில் நோயெதிர்ப்புக் கலங்களே சொற்பம். கண்ணின் உட்பாகமும் அப்படி. சத்திரசிகிச்சைக் கீறல் ஆறாத கண்ணில் ஸ்டீரொயிட்டையும் விட்டால் உடலின் எதிர்ப்பு இன்னும் மட்டுப்படும். சிவப்பும் வலியும் ஆரம்பத்தில் வெளியே தெரியாமலும் போகும். ஆகவே குடிக்கும் பாணி மருந்துக்கு மில்லிலீற்றருக்கு 100 பற்றீரியா, 10 பங்கசு வரை அனுமதி, ஈ. கோலை மட்டும் ஒரு மில்லிலீற்றரில் ஒன்றும் இருக்கலாகாது. தோலில் பூசும் களிம்பில் சூடோமோனாஸ், ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ் ஆகிய பற்றீரியாக்கள் அறவே இருக்கலாகாது. ஊசிக்கும் கண் மருந்துக்கும் எந்தக் கிருமிக்கும் அனுமதி இல்லை.

குளிசைகள் பொதுவாகப் பயமற்றவை, ஈரம் இல்லாத இடத்தில் பற்றீரியா பெருகாது. பெருகாவிட்டாலும் உயிரோடு இருக்கும். 1960 களின் நடுவில் சுவீடனில் விலங்குகளின் தைரொயிட் சுரப்பித் தூளில் செய்த குளிசைகளால் சுமார் 200 பேருக்குச் சல்மொனெல்லா தொற்றியது. மூலிகைத் தூள்களுக்கும், ஆயுர்வேதச் சூரணங்களுக்கும் இந்தக் கவனம் வேண்டும். மண்ணோடு வரும் வேரில் வித்திகள் வரத்தான் செய்யும்.

மூடி திறந்த பிறகு

இவ்வளவையும் சரியாகச் செய்த தொழிற்சாலையின் போத்தலை, ஒரு வாட்டில் ஒரு ஊசி பத்து நிமிடத்தில் கெடுத்துவிடலாம்.

1928 ஜனவரியில் அவுஸ்திரேலியாவின் பண்டபேர்க் நகரில் தொண்டைக்கரப்பான் தடுப்பூசி போட்ட 21 குழந்தைகளில் 12 பேர் இறந்தார்கள். றப்பர் மூடி போட்ட ஒரே போத்தல், பாதுகாப்பு இரசாயனம் இல்லை, கோடை வெயில், பல நாட்களாக அதே போத்தலில் ஊசி ஏற்றி எடுத்தார்கள். உள்ளே புகுந்த ஸ்டஃபிலோகொக்கஸ் பெருகிவிட்டது. பலமுறை எடுக்கும் குப்பிகளில் பாதுகாப்பு இரசாயனம் கட்டாயம் என்ற வழக்கம் இந்தக் குழந்தைகளுக்குப் பிறகு உறுதியானது.

அந்த இரசாயனம் போட்ட கணமே கொல்லும் என்று நினைப்பது பிழை. கண் துளி மருந்தில் வழக்கமாக 0.01 வீத பென்சல்கோனியம் குளோரைட் இருக்கும். ஊசிக் குப்பியில் 0.9 வீத பென்சைல் அல்ககோல் இருக்கும். உள்ளே விழுந்த சில பற்றீரியாவைக் கொல்ல மணித்தியாலங்கள் எடுக்கும். நிறைய விழுந்தால் தோற்றுவிடும். றப்பர் மூடியும் பிளாஸ்டிக்கும் அதில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். இதை எதிர்பார்த்தே திறந்த துளி மருந்துக்கும் பலமுறைக் குப்பிக்கும் 28 நாள் தவணை வைத்திருக்கிறார்கள். 2023 இல் அமெரிக்காவில் 18 மாநிலங்களில் 81 பேரைப் பாதித்த செயற்கைக் கண்ணீர், தமிழ்நாட்டில் தயாரானது. பலமுறை திறக்கும் போத்தலில் போதிய பாதுகாப்பு இரசாயனம் இல்லாமல் விற்கப்பட்டது. மருந்துகளுக்கு அடங்காத சூடோமோனாஸ் எருஜினோசா அதற்குள் இருந்தது. 4 பேர் இறந்தார்கள், 14 பேர் பார்வை இழந்தார்கள், 4 பேருக்குக் கண்ணையே அகற்றவேண்டி வந்தது.

கொழும்பு வாட்டுகளில் எங்கள் கவலை வேறொரு போத்தலைப் பற்றியது. அந்தோனியார் படம் ஒட்டிய அலுமாரிக்குப் பக்கத்தில், மேசை ஓரத்தில், 500 மில்லிலீற்றர் சேலைன் போத்தல் ஒன்று நிற்கும். மூடியில் ஒரு ஊசி குத்தியபடி. செஃப்ரியாக்சோன் அன்டிபயோட்டிக் தூளைக் கரைக்க, நரம்பில் செருகிய கனூலாக் குழாயைக் கழுவ, காலையில் இருந்து மாலைவரை எல்லாக் கட்டில்களுக்கும் அதில் இருந்துதான் எடுப்பார்கள். 10 மில்லிலீற்றர் சிறுகுப்பிகள் தட்டுப்பாடாகும் நாட்களில் இது இன்னும் அதிகம். குத்தி விட்ட ஊசி திறந்த வாசல். அதன் வழியே வாட்டின் காற்றும், தொட்ட விரலில் உள்ளதும் உள்ளே போகும். ஒரு பற்றீரியா அரை மணிக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிந்தால் 10 மணித்தியாலத்தில் 10 இலட்சத்தைத் தாண்டும். அப்போதும் கரைசல் பளிங்குபோல் இருக்கும். ஒரு மில்லிலீற்றரில் 10 இலட்சத்துக்கும் மேல் சேரும்வரை கலங்கல் கண்ணுக்குத் தெரியாது. "தெளிவாத்தானே இருக்கு, மிஸ்" என்பதற்கு அர்த்தம் இல்லை.

எல்லாக் கரைசலிலும் ஒரே வேகத்தில் வளராது. வெறும் உப்புக் கரைசலில் வளர்ச்சி குறைவு. 5 வீத டெக்ஸ்ட்ரோஸில் கிளெப்சியெல்லா, என்டரோபக்டர், செரேஷியா ஆகியவை அறை வெப்பத்திலேயே ஒரு நாளில் மில்லிலீற்றருக்கு ஒரு இலட்சத்தைத் தாண்டும். மயக்க மருந்து புரொபொஃபோல் சோயா எண்ணெய்க் குழம்பு. அதில் ஏறக்குறைய எல்லாமே விருந்துண்ணும். 1990 களில் அமெரிக்க சத்திரசிகிச்சைக் கூடங்களில் இதனால் தொற்றுகள் தொடர்ந்தன. காரணம் மருந்தில் இல்லை. ஒரே குப்பியைப் பல நோயாளர்களுக்குப் பகிர்ந்ததும், சிரிஞ்சில் எடுத்து மணிக்கணக்காக வைத்ததும்தான். சிரிஞ்சில் எடுத்த புரொபொஃபோலை மருந்துத் தாளில் சொன்ன மணித்தியாலங்களுக்குள் பாவிக்காவிட்டால் வீசவேண்டும்.

சரியான முறை நீளமானதல்ல. கைகழுவுதல். மருந்து தயாரிக்க, இரத்தமும் அழுக்குக் கையுறையும் வராத ஒரு மேசை. குப்பியின் றப்பர் மூடியை 70 வீத அல்ககோலால் தேய்த்து, ஈரம் தானாகக் காயும்வரை காத்திருத்தல். ஊதிக் காயவைக்கிறவர் தன் வாய்க் கிருமியைப் பூசுகிறார். ஒவ்வொரு முறையும் புது ஊசி, புது சிரிஞ்ச். ஒருமுறைக் குப்பி ஒருவருக்கு மட்டும், மிச்சம் குப்பைக்கு. பலமுறைக் குப்பியில் திறந்த திகதியும் நேரமும். கரைத்த தட்டம்மைத் தடுப்பூசி 6 மணித்தியாலம், அல்லது கிளினிக் முடியும் நேரம், எது முந்துமோ அது. குப்பிகளை உருகும் பனிக்கட்டித் தண்ணீருக்குள் மூழ்க விடுவது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. மூடியின் இடுக்கில் அந்தத் தண்ணீர் நிற்கும், ஊசி அதைக் குத்திக்கொண்டு உள்ளே போகும்.

கிருமிநாசினியைப் பற்றி ஒரு வார்த்தை. குளோரெக்சிடின் போத்தலில் மிச்சம் இருக்கும்போதே மேலே புதிதாக ஊற்றி நிரப்புவது, அடியில் தப்பியிருக்கும் புர்க்கோல்டேரியாவுக்குச் சோறு போடுவது. போத்தல் காலியானதும் கழுவி, காயவைத்து, பிறகுதான் நிரப்பவேண்டும்.

போத்தல் கொண்டு வாங்கோ

அரசாங்க ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவிலும், தனியார் டொக்டர்மாரின் டிஸ்பென்சரிகளிலும் பாணி மருந்துக்குப் போத்தல் கொண்டுபோகும் வழக்கம் நமக்குப் பழையது. மருந்தாளர் பெரிய போத்தலில் இருந்து அளந்து ஊற்றுவார். நாம் கொண்டுபோவது சில வேளை நேற்றுக் குடித்த சோடாப் போத்தல். கழுவியதுதான், ஆனால் அடியில் இரண்டு துளி பைப் தண்ணீர். அந்த இரண்டு துளிதான் ஆபத்து. பாணி மருந்தில் சீனி மிக அடர்த்தி. கிருமி வாழத் தேவையான நீரை அது கட்டிவைத்துவிடும். சுவரோரம் ஈரம் பட்ட இடத்தில் சீனி நீர்த்துப்போகும், அங்கே மதுவமும் பூஞ்சணமும் தொடங்கும். இரண்டு நாளில் மூடி திறக்கும்போது காற்றுச் சத்தமும் புளித்த மணமும் வந்தால் அது நடந்துவிட்டது.

கண்ணாடிப் போத்தலே நல்லது. சவர்க்காரமும் தூரிகையும் போட்டுக் கழுவி, 10 நிமிடம் தண்ணீரில் கொதிக்கவைத்து, வாய் கீழாகக் கவிழ்த்து, முற்றாகக் காயவிடவேண்டும். கொழும்பின் ஈரக்காற்றில் மழைக்காலத்தில் அதற்கு ஒரு நாள் முழுவதும் போகும். மூடியின் உள்அட்டையை மறக்கக்கூடாது, அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். பிள்ளைக்குக் கொடுக்கும் அன்டிபயோட்டிக் தூளைக் கரைப்பதானால் கொதித்தாறிய தண்ணீர், போத்தலில் உள்ள கோடு வரை. கோ-அமொக்சிக்ளாவ் போன்றவை கரைத்தபின் ஃப்ரிட்ஜில் 7 நாள்தான். குளிர் கிருமியைக் கொல்வதில்லை, தாமதப்படுத்துகிறது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது ஃப்ரிட்ஜில் இருந்த கரைத்த மருந்துகளுக்கு அந்தத் தாமதமும் கிடைக்கவில்லை. ஆஸ்துமாவுக்கு வீட்டில் நெபுலைசர் வைத்திருப்போர் ஒவ்வொரு முறையும் கிண்ணத்தைக் கழுவி, உதறி, உலரவிடுங்கள். ஈரக் கிண்ணம் சூடோமோனாசை நேரே நுரையீரலுக்கு அனுப்பும்.

கண் துளி மருந்தில் போத்தல் நுனி இமையிலோ கண்மயிரிலோ தொட்டால், பிழிந்த விரலைத் தளர்த்தும்போது கண்ணீர் உள்ளே உறிஞ்சப்படும். கீழ் இமையை இழுத்து, நுனியைத் தொடாமல், ஒரு துளி போதும். அரைத் துளிதான் கண்ணுக்குள் தங்கும், இரண்டாவது துளி கன்னத்தில் வழியும். அம்மாவின் போத்தலை அப்பாவுக்குப் போடாதீர்கள். திறந்த திகதியை போத்தலிலேயே எழுதுங்கள், மட்டையில் எழுதினால் மட்டை போய்விடும்.

தொழிற்சாலைப் பதிவுகள்தான் சாட்சி என்று மேலே சொன்னதற்கு இலங்கையில் ஒரு நேரடி விளைவு உண்டு. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டப்படி, மருந்து ஒன்று நாட்டுக்குள் வர அதைத் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை பதிவுசெய்யவேண்டும். பதிவுக்கு உற்பத்தியாளர் கொடுக்கும் கோப்பில்தான் ஒட்டோக்ளேவ் பதிவுகளும், நிரப்பல் சோதனைகளும், தண்ணீர்க் குழாய் அமைப்பின் விவரங்களும் இருக்கும். பொருளாதார நெருக்கடியின்போது தட்டுப்பாட்டைச் சமாளிக்கப் பதிவு விலக்கில் மருந்துகள் வாங்கப்பட்டன. மருந்தே இல்லாமல் நோயாளர் சாவதைவிட அது மேல் என்ற வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் விலக்கு நீக்குவது எந்தப் பாதுகாப்பை என்று பாருங்கள்: மாதிரிச் சோதனை மிஞ்சுகிறது, செய்முறைச் சாட்சி போய்விடுகிறது. நூற்றுக்கு 82 தடவை கண்ணை மூடிக்கொள்ளும் சோதனை தனியே காவல் நிற்கிறது. விலக்கில் வாங்கும் ஊசிக்கும் கண் மருந்துக்கும் குறைந்தது நிரப்பல் சோதனை அறிக்கையையும் அந்தத் தொகுதியின் கிருமியழிப்புப் பதிவையும் கட்டாயமாக்குவதற்கு வருடக்கணக்கு வேண்டியதில்லை. மின்னஞ்சலில் வந்துவிடக்கூடிய தாள்கள் அவை.

நடுக்கம் வந்தால்

சேலைன் தொடங்கி அரை மணி, ஒரு மணிக்குள் நோயாளிக்குத் திடீரென்று நடுக்கமும் காய்ச்சலும் வந்தால் முதலில் சேலைனை நிறுத்தவேண்டும். போத்தல், குழாய், கனூலா எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றி மாற்றவேண்டும். இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க, மற்றக் கையில் இருந்து இரத்தக் கல்ச்சர் எடுக்கவேண்டும். அந்தப் பழைய போத்தலைக் குப்பையில் போடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. அந்த இடத்திலேயே சாட்சி அழிந்துவிடுகிறது.

மாசு தொழிற்சாலையில் இருந்து வந்ததா, வாட்டில் புகுந்ததா என்பதைப் பிரிக்க ஒரு எளிய விதி உதவும். ஒரே வாட்டில், ஒரே நாளில், வெவ்வேறு மருந்துகள் ஏற்றியவர்களுக்கு வந்தால் வாட்டைப் பாருங்கள்: பொதுச் சேலைன் போத்தல், மருந்து தயாரிக்கும் மேசை, கிருமிநாசினி. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஆஸ்பத்திரிகளில், ஒரே தொகுதி இலக்க மருந்து பெற்றவர்களுக்கு, ஒரே வகை அபூர்வக் கிருமி வளர்ந்தால் தொழிற்சாலையைப் பாருங்கள். புர்க்கோல்டேரியா இரண்டு பேரின் இரத்தத்தில் வந்தாலே மணி அடிக்கவேண்டும், அது மனிதத் தோலில் சாதாரணமாக வாழும் கிருமி இல்லை.

திறந்த போத்தலில் மட்டும் கிருமி வளர்ந்தால் உற்பத்தியாளர் "நீங்கள் கெடுத்தது" என்பார். மூடிய போத்தல்கள் சில தேறினால் அதையே சான்றாகக் காட்டுவார். அந்த 82 வீதக் கணக்கை இங்கேயும் நினைவில் வையுங்கள். அதனால் அனுப்பும்போது பாவித்த போத்தலைக் குழாயோடு மூடிக் கட்டி, தனிப் பையில், 2 முதல் 8 பாகைக் குளிரில் வையுங்கள். அதே தொகுதியின் திறக்காத போத்தல்களை எவ்வளவு கூடுதலாக முடியுமோ அவ்வளவு சேருங்கள். மிச்சக் கையிருப்பைப் பாவிக்காமல் பூட்டிவையுங்கள். தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, ஏற்றத் தொடங்கிய நேரம், நடுக்கம் வந்த நேரம், கூடவே ஏற்றிய மற்ற மருந்துகள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, ஆஸ்பத்திரி மருந்தாளர் ஊடாக மருத்துவ வழங்கல் பிரிவுக்கும் அதிகாரசபைக்கும் அன்றைக்கே அனுப்புங்கள். நோயாளியின் இரத்தத்தில் வளர்ந்த கிருமியை ஆய்வுகூடம் வீசாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். போத்தலில் வளர்ந்த கிருமியோடு அதன் மரபணுவை ஒப்பிட்டால்தான் இரண்டும் ஒன்றா என்று உறுதியாகச் சொல்ல முடியும்.